பங்குப் பள்ளிக்குள் ஒரு திருட்டுப் பார்வை!

முதலில் இரண்டாம் வகுப்புக்குள் நுழைந்துவிடுவோம். கூத்து அங்கேதான்! அமெரிக்காவின் கத்தோலிக்கப் பங்குப் பள்ளிகளில் இரண்டாம் வகுப்பு என்றாலே புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை வாங்கும் வருஷம். மே மாதவாக்கில் வெள்ளைக் கவுனும் முக்காடும் குட்டி டையுமாகப் பிள்ளைகள் கோயிலுக்குள் வரிசையாக வருவதை ஊரே படம் பிடிக்கும். அதற்கு முன்னால் நடக்கும் ஒத்திகையை யாரும் படம் பிடிப்பதில்லை. பிடித்தால் அதுதான் ஹிட்! எழுந்தேற்றம் ஆகாத, அதாவது பூசையில் அர்ச்சிக்கப்படாத அப்பத்தை டீச்சர் ஆளுக்கு ஒன்றாகக் கையில் வைக்கிறார். “ஆமென்” சொல்லி வாயில் போட்ட அடுத்த நொடி அந்த முகங்களைப் பார்க்க வேண்டுமே! இனிப்பும் இல்லை, உப்பும் இல்லை. இதற்காகவா இத்தனை மாசம் ஜெபம் மனப்பாடம் செய்தோம் என்று ஒருத்தி கண்ணை உருட்டுவாள். அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதை நாக்கால் நெம்பிக்கொண்டிருப்பான் இன்னொருவன். “இன்னொண்ணு கிடைக்குமா டீச்சர்?” என்று கேட்கும் ஆத்மாவும் வகுப்புக்கு ஒன்று உண்டு.

சரி, சிரித்தது போதும், தாழ்வாரத்துக்கு வாருங்கள். மழலையர் வகுப்பில் தொடங்கி எட்டாம் வகுப்பு வரை எல்லாம் ஒரே கட்டடம். பெரும்பாலான பள்ளிகளில் வகுப்புக்கு ஒரே ஒரு பிரிவுதான். அதனால் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். யாருடைய தம்பி யாருடைய பல்லை உடைத்தான் என்பது வரை! வாரத்தில் ஒரு நாள் பள்ளி முழுக்கத் திருப்பலிக்குப் போகும்போது, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு மழலை ஒப்படைக்கப்படும். மீசை அரும்பிய நெட்டைப் பையன், முழங்கால் உயரக் குட்டிக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டு, பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுத்து, பூசை நடுவே பேசாதே என்று விரலை உதட்டில் வைக்கிறான். இதே பையன் கணக்கு வகுப்பில் அடிக்கும் லூட்டியை டீச்சரிடம் கேளுங்கள், தெரியும்.

இவர்களுடைய நாள்காட்டி இருக்கிறதே, அது தனி ரகம்! நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். மூன்றாம், நான்காம் வகுப்புக்காரர்கள் புனிதர் வேஷத்தில் வருவார்கள். சாந்தமான புனிதர்களுக்குக் கிராக்கி கம்மி. தட்டில் இரண்டு கண்ணை ஏந்திய லூசியா, கம்பி அடுப்போடு நிற்கும் லாரன்ஸ், வெட்டுண்ட தன் தலையைத் தானே கையில் பிடித்திருக்கும் தெனிஸ்… இவர்களுக்குத்தான் அடிதடி! டிசம்பர் 6 புனித நிக்கோலாஸ் நாளன்று, ஜெர்மானியக் குடியேறிகள் நிறைந்த மில்வாக்கி, சின்சினாட்டி பக்கங்களில் வகுப்பு வாசலில் கழற்றி வைத்த ஷூவுக்குள் மிட்டாய் முளைத்திருக்கும். பிப்ரவரி 3, புனித பிளேஸ் திருநாள். இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காகக் கட்டிக் கழுத்தருகே பிடித்துத் தொண்டைக்கு ஆசீர். சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு பின்னம் போடுவார்கள். தவக்கால வெள்ளிக்கிழமைகளில் கேன்டீன் பீட்சாவில் இறைச்சி கிடையாது, சீஸ் மட்டும்தான்.

பாடம் எங்கே என்கிறீர்களா? இதோ. கத்தோலிக்கப் பள்ளியில் படித்த பெரியவர்கள் இன்றும் சொல்லிச் சிலிர்ப்பது வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரிக்கும் பயிற்சியைத்தான். அலோன்சோ ரீட், பிரெய்னர்ட் கெல்லாக் என்ற இருவர் 1877இல் பரப்பிய முறை அது. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒரு நெட்டுக்கோடு, அடைகள் எல்லாம் சாய்கோட்டில் கீழே. பல பொதுப் பள்ளிகள் எப்போதோ மூட்டை கட்டிவிட்ட இதை இன்னும் விடாப்பிடியாக நடத்தும் கன்னியர் வழிப் பள்ளிகள் உண்டு. அதன் பக்கத்திலேயே முழுக்க இந்தக் காலத்துச் சமாச்சாரம் ஒன்று: மேப் குரோத் தேர்வு. கணினியில் சரியான விடை சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தப்பானால் எளிதாகும். வருஷத்துக்கு மூன்று தடவை வைக்கிறார்கள். யார் எங்கே நிற்கிறார்கள், இலையுதிர் காலத்திலிருந்து வசந்தத்துக்குள் எவ்வளவு நகர்ந்தார்கள் என்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். மேல்வகுப்பில் வேகமான பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா. எட்டாம் வகுப்பில் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு.

ஆனால் நான் உங்களை இழுத்துவந்தது வேறோர் இடத்துக்கு! மாடிப்படிக்குக் கீழே, சில பள்ளிகளில் பழைய சாமான் அறையாக இருந்த இடத்தில், ஒரு மேஜையும் நாலு நாற்காலியும். எழுத்துக் கூட்டத் திணறும் பிள்ளைகள் இரண்டு மூன்று பேராக இங்கே வருவார்கள். மேஜை மேல் ஒரு தட்டு, தட்டில் மணல். டீச்சர் ஒலியைச் சொல்ல, பிள்ளை அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுகிறது. மருத்துவர் சாமுவேல் ஆர்ட்டனும் ஆசிரியை அன்னா கில்லிங்ஹாமும் 1930களில் உருவாக்கிய வழி இது. கண், காது, விரல் மூன்றும் ஒரே சமயத்தில் வேலை செய்ய வேண்டும். நம் திண்ணைப் பள்ளிக்கூடத்து மணல் நினைவுக்கு வருகிறதா? வரட்டும், அதுவும் கடல் தாண்டியதுதான்! சென்னை எழும்பூர் அனாதை ஆசிரமத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதியதைப் பார்த்து மயங்கி, அதையும் பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் வழக்கத்தையும் 1797இல் லண்டனில் புத்தகமாகவே போட்டார்.

இந்தக் குட்டி அறைக்கு ஒரு சினிமாக் கதை இருக்கிறது. 1965இல் வந்த கல்விச் சட்டம், ஏழைப் பகுதிகளில் படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மத்திய அரசுப் பணத்தில் கூடுதல் வகுப்பு தந்தது. தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் பங்கு உண்டு. நியூயார்க் நகரம் தன் பொதுப் பள்ளி ஆசிரியர்களைக் கத்தோலிக்கப் பள்ளிகளுக்குள் அனுப்பியது. பாடம் நடக்கும் அறையில் சிலுவையோ சுரூபமோ இருக்கக் கூடாது என்று நிபந்தனை. 1985இல் உச்ச நீதிமன்றம் அகிலார் எதிர் ஃபெல்டன் வழக்கில், அரசு ஆசிரியர் சமயப் பள்ளிக்குள் போய்ப் பாடம் நடத்துவதே அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது. நகரம் என்ன செய்தது தெரியுமா? வேன்! பள்ளி வாசலுக்கு வெளியே, தெருவில், வகுப்பறையாக மாற்றிய வேன். வாசிப்பில் திணறும் பிள்ளை வகுப்பிலிருந்து எழுந்து, கோட்டு மாட்டி, பனியில் நடந்து, வேனில் ஏறி, பாடம் படித்துவிட்டு, திரும்ப நடந்து வர வேண்டும். வேனுக்கும் வாடகை அறைகளுக்கும் கணினிவழிப் பாடத்துக்கும் பிள்ளைகளை ஏற்றி இறக்கவும் நியூயார்க் 10 கோடி டாலருக்கு மேல் கொட்டியது. 12 வருஷம் கழித்து, 1997இல், அகோஸ்டினி எதிர் ஃபெல்டன் வழக்கில் அதே நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே புரட்டிப் போட்டது. இரண்டு தடவையும் 5-க்கு 4! முதல் வழக்கில் எதிர்த் தீர்ப்பு எழுதிய சான்ட்ரா டே ஓகானரே இரண்டாவதில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். பிள்ளைகள் படியேறி உள்ளே வந்தார்கள். சட்டப் புத்தகத்தில் இவ்வளவு சுவாரசியமான பார்க்கிங் தகராறு வேறு இருந்தால் சொல்லுங்கள்.

பணம் எங்கிருந்து? பெற்றோர் கட்டும் ஃபீஸ், பங்குக் கோயில் தரும் மானியம், தவக்கால வெள்ளியில் பள்ளி ஜிம்மில் பொரித்து விற்கும் மீன், பிங்கோ, பிள்ளைகள் வீடு வீடாக விற்கும் சாக்லேட். முன்பு கன்னியர்கள் சொற்ப ஊதியத்துக்கு ஐம்பது, அறுபது பிள்ளைகளை ஒரே அறையில் சமாளித்தார்கள். இன்று ஆசிரியர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் பொதுநிலையினர், அவர்களுக்குச் சம்பளம் வேண்டுமே! 1960களின் நடுவில் 50 லட்சத்தைத் தாண்டிய மாணவர் எண்ணிக்கை இப்போது ஏறக்குறைய 17 லட்சம். மீன் பொரிக்கும் அப்பாக்களை லேசாக நினைக்காதீர்கள்.

இவ்வளவு குதித்தாலும் ஒரு குறையை மறைக்க மாட்டேன். குட்டி அறை எல்லாப் பள்ளியிலும் இல்லை; இருந்தாலும் வாரத்தில் இரண்டு நாள்தான் ஆள் வரும் என்பார்கள். பொதுப் பள்ளியில் மாற்றுத்திறன் பிள்ளைக்குக் கிடைக்கும் முழு உரிமை, பெற்றோர் விருப்பப்படி தனியார் பள்ளியில் சேர்த்த பிள்ளைக்குச் சட்டப்படி இல்லை. மத்திய நிதியில் ஒரு பங்கை வைத்துப் பொதுப் பள்ளி மாவட்டம் தரும் சேவை மட்டுமே. பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு அரை மணி என்றால் அரை மணிதான். அழகான பிரசுரத்தில் இந்த வரி இருக்காது.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களும் பிள்ளைகளை இங்கே சேர்ப்பதைப் பற்றி விசாரிக்கிறார்கள். மாணவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் கத்தோலிக்கர் அல்லர், ஆகவே தயக்கம் வேண்டாம். 1974 முதல் ஜனவரி கடைசி ஞாயிறன்று கத்தோலிக்கப் பள்ளிகள் வாரம் தொடங்குகிறது. பல பள்ளிகள் அப்போது கதவைத் திறந்து வைத்துச் சுற்றிக் காட்டும். ஜிம்மையும் கோயிலையும் அவர்களாகவே காட்டுவார்கள். நீங்கள் அந்தக் குட்டி அறையைக் கேளுங்கள். அங்கே யார் உட்காருகிறார், வாரத்தில் எத்தனை நாள், பயிற்சி எங்கே பெற்றார் என்று கேளுங்கள். உங்கள் பிள்ளைக்குக் குறைபாடு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால், பள்ளி அமைந்திருக்கும் பகுதியின் பொதுப் பள்ளி மாவட்டத்துக்கு எழுத்தில் மனு கொடுங்கள். தனியார் பள்ளிப் பிள்ளை என்பதற்காகப் பரிசோதனையை அவர்கள் மறுக்க முடியாது, அதற்குக் கட்டணமும் கிடையாது.