மண்ணின் நலமும் உழவரின் உரிமையும்

நிலத்தின் உடைமையை நிலைநாட்டும் பட்டாவும் சிட்டாவும் நம் விவசாயிகளின் பெட்டிகளில் தலைமுறை தலைமுறையாகப் பத்திரமாக இருந்து வருகின்றன. ஆனால் அந்த நிலத்தில் எந்தச் சத்து மிகுந்தும் எந்தச் சத்து குறைந்தும் கிடக்கிறது என்று எழுத்தில் காட்டும் ஆவணம் பெரும்பாலோருக்கு முதன்முதலாகக் கிடைத்தது, 2015-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி ராஜஸ்தானத்துச் சூரத்கரில் மத்திய சர்க்கார் தொடங்கி வைத்த மண்வள அட்டைத் திட்டத்தினால்தான். மண் பரிசோதனை நம் தேசத்துக்குப் புதிதன்று. 1950-களின் நடுவிலேயே அதற்கான ஆய்வகங்கள் ஏற்பட்டுவிட்டன. எனினும், தேடிச் சென்றவருக்கு மட்டுமே கிட்டிய அந்த வசதியை உழுகிற ஒவ்வொருவருக்கும் உரியதாக அறிவித்தது இத்திட்டம். இதுவரை ஏறக்குறைய 25 கோடி அட்டைகள் வழங்கப்பட்டிருக்கின்றன. அவற்றுள் எத்தனை அட்டைகள் உரம் வாங்கப் புறப்படும் வேளையில் எடுத்துப் பார்க்கப்படுகின்றன என்பதே என் கவலை.

அட்டையில் 12 விவரங்கள் உண்டு. தழை, மணி, சாம்பல் ஆகிய பேரூட்டங்கள், கந்தகம் என்னும் இரண்டாம்நிலை ஊட்டம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என்னும் நுண்ணூட்டங்கள், இவற்றோடு கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம். பயிருக்குத் தக்க உர அளவும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ஆயினும் இந்த அளவுகள் யாருடைய வயலின் அளவுகள் என்பதை அறியாமல் அவற்றை நம்புதல் ஆகாது. திட்டத்தின் விதிப்படி பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும், மானாவாரி நிலத்தில் 10 ஹெக்டேருக்கு ஒரு மாதிரியும் எடுக்கப்பட்டன. இரண்டரை ஹெக்டேர் என்பது ஆறு ஏக்கருக்குச் சற்று அதிகம். சராசரி நிலவுடைமை ஒரு ஹெக்டேரையும் எட்டாத தமிழ்நாட்டில் அந்த ஆறு ஏக்கர் மூன்று நான்கு குடும்பங்களின் ஜீவனம். மேட்டு வயலுக்கும் பள்ள வயலுக்கும், ஆண்டுதோறும் எரு கண்ட வயலுக்கும் பத்தாண்டுகளாக எருவே காணாத வயலுக்கும் ஒரே அளவை எழுதிக் கொடுத்தால், அது அவற்றுள் எதற்கும் சரியாகப் பொருந்தாமற் போகலாம். ஆகவே, மாதிரி எந்தப் புல எண்ணில் எடுக்கப்பட்டது என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டறிய வேண்டும். தம்முடையது அன்று என்று தெரிந்தால், தம் வயல் மண்ணைத் தாமே எடுத்துக்கொண்டு மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்குச் சென்று சொற்பக் கட்டணத்தில் பரிசோதித்துக்கொள்ளலாம்.

மாதிரி எடுப்பதில் கவனம் தவறினால் பரிசோதனை முழுதும் வீண். அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு எருவோ உரமோ இடுவதற்கு முன் எடுக்க வேண்டும். வரப்போரம், வாய்க்கால் ஓரம், மரநிழல், எருக்குவித்த இடம் ஆகியவற்றை விலக்கி, வயலின் பல இடங்களில் மேற்குப்பையை நீக்கி, ஆங்கில 'வி' எழுத்தின் வடிவில் குழி வெட்டி, நெல்லுக்கும் நிலக்கடலைக்கும் 15 சென்டிமீட்டர் ஆழம் வரையிலும், கரும்புக்கும் பருத்திக்கும் 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரையிலும் குழியின் பக்கவாட்டிலிருந்து மண்ணைச் சுரண்டி எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களை நீக்கி நீக்கி, அரைக்கிலோ அளவு மிஞ்சும்வரை குறைத்துக்கொள்ள வேண்டும்.

அட்டை கைக்கு வந்ததும் பலர் தழைச்சத்து வரியைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது அங்ககக் கரிம வரி என்பது என் துணிபு. அது 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேல் இருந்தால் வளம். மண்ணில் நீர் நிற்பதும், இட்ட உரம் வேருக்கு எட்டுவதும், கண்ணுக்குப் புலனாகாத கோடானுகோடி ஜீவராசிகள் வாழ்வதும் அந்தக் கரிமத்தின் தயவினால்தான். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1970-களின் தொடக்கத்திலிருந்து பல ஊர்களில் நடத்திவரும் நீண்டகாலப் பரிசோதனைகள், தழைச்சத்து உரத்தை மட்டுமே இட்ட பாத்திகளில் விளைச்சல் நாளடைவில் தேய்ந்ததையும், சமச்சீரான உரத்தோடு தொழுவுரமும் கண்ட பாத்திகளில் அது நிலைத்து நின்றதையும் காட்டியிருக்கின்றன. தக்கைப்பூண்டையோ சணப்பையையோ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவது நம் முன்னோர் அறிந்த உபாயமே. தமிழ்நாட்டு அரசு 2024-ஆம் ஆண்டு தொடங்கிய 'மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்' திட்டத்தில் பசுந்தாள் உர விதைகள் வழங்கப்படுகின்றன; அவற்றைக் கேட்டுப் பெறலாம். ஏரி, குளங்களின் வண்டல் மண்ணை விவசாயத்துக்குக் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் விதி இடம் தருகிறது: நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர். முன்பு மாவட்ட ஆட்சியரிடம் செல்ல வேண்டியிருந்த அந்த அனுமதியை 2024 முதல் வட்டாட்சியரே வழங்கலாம்.

இவ்வளவு வசதிகளைச் செய்த அரசாங்கத்தின் விலைக்கொள்கையே அட்டையின் சொல்லுக்கு எதிராக நிற்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2010 ஏப்ரலில் மற்ற உரங்கள் சத்து அடிப்படையிலான மானியத்துக்கு மாற்றப்பட்டபோது யூரியா மட்டும் விலக்கி வைக்கப்பட்டது. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்க, 50 கிலோ டி.ஏ.பி. மூட்டைக்கு 1,350 ரூபாய் கொடுக்க வேண்டியிருக்கிறது. தழையைக் குறை, மற்றவற்றைக் கூட்டு என்று அட்டை எத்தனை முறை எழுதினாலும், கடனில் விதைத்தவன் மலிந்ததையே அள்ளி இடுவான். அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மிகுதியாக இட்ட யூரியாவினால் பயிர் கருகருவென்று தழைத்துச் சாய்வதும், பூச்சிகளுக்கு இரையாவதும், பயிர் கொள்ளாத நைட்ரேட்டு கிணற்று நீரில் இறங்குவதும் அவன் தலையிலேயே விடிகின்றன. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட்டு இருத்தலாகாது; மீறினால் கைக்குழந்தைகளுக்கு அபாயம். இரசாயன உரத்தைக் குறைக்கும் மாநிலங்களுக்கு மிச்சமாகும் மானியத்தில் பாதியைத் தரும் பி.எம். பிரணாம் திட்டம் 2023-இல் வந்திருக்கிறது. நல்ல காரியமே, எனினும் குறைத்த விவசாயியின் கைக்கு அதனால் நேராக எதுவும் வந்து சேர்வதில்லை.

உரக்கடையில் விவசாயிக்குள்ள உரிமைகள் 1985-ஆம் ஆண்டு உரக் கட்டுப்பாட்டு ஆணையில் இருக்கின்றன. இருப்பையும் விலையையும் கடையில் எல்லோரும் காண எழுதி வைக்க வேண்டும். நிர்ணயித்த விலைக்கு மேல் விற்கலாகாது. வாங்கியவருக்கு ரசீது தர வேண்டும். யூரியா வேண்டுமென்றால் கூடவே நுண்ணூட்டக் கலவையையோ வேறொரு புட்டியையோ வாங்கத்தான் வேண்டும் என்று இணைப்பொருளைத் திணிப்பது சட்ட விரோதம். இந்த ஆணை 1955-ஆம் ஆண்டு இன்றியமையாப் பண்டங்கள் சட்டத்தின் கீழ்ப் பிறந்ததாகையால், மீறுவோர் உரிமத்தை இழப்பதோடு சிறைத் தண்டனைக்கும் ஆளாகலாம். புகாரை வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளலாம். மாதந்தோறும் நடைபெறும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியர் முன்னிலையிலும் வைக்கலாம். ஆலோசனைக்கு 1800-180-1551 என்னும் கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போலி உரத்தினால் நஷ்டம் நேர்ந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் கதவும் திறந்திருக்கிறது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்றும், வாங்கிய விதை முழுவதையும் விதைத்துவிடும் ஏழையிடம் மாதிரி எங்கே என்று கேட்பது நியாயமன்று என்றும் உச்ச நீதிமன்றம் 2012-இல் தீர்ப்பளித்தது. அந்த நியாயம் உரத்துக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதானால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வழக்குக்குக் காரணம் நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். ரசீதும், தொகுதி எண் அச்சிட்ட சாக்கும், மண்வள அட்டையும் அதுவரை கைவசம் இருக்கட்டும்.