பல்லுக்குப் பின்னே ஒரு ரகசியம்!

"பெண் நன்றாகப் படித்திருக்கிறாள். பாட்டும் வரும். ஆனால், பல்தான் கொஞ்சம்..."

மயிலாப்பூர் மாட வீதியில் ஜாதகப் பேச்சு நடக்கும்போது இந்த இடத்தில் மட்டும் மாமிகளின் குரல் தாழ்ந்துவிடும். என்ன தாழ்ந்து என்ன? அந்தக் 'கொஞ்சம்' அடுத்த அறையில் இருக்கும் பெண்ணின் காதில் விழாமல் இருக்குமா? அன்று முதல் அவள் சிரிக்கும்போதெல்லாம் கை தானாக வாயை மூடப் போகும்.

'கம்பி போட்டுக்கொண்டால் போயிற்று' என்பீர்கள். பன்னிரண்டு வயதில் சரி. இருபத்தாறு வயதில், தியாகராய நகரில் ஓர் ஆபீசில் பத்துப் பேருக்கு நடுவே வேலை பார்க்கிறவள் வாய் நிறையக் கம்பியோடு நிற்கத் தயங்க மாட்டாளா? அவளுக்காகவே வந்ததுதான் மறைகம்பி. இதைப் பல்லின் முன்புறத்தில் ஒட்டுவதில்லை. நாக்குப் பக்கம், பல்லின் முதுகில் ஒட்டுகிறார்கள். எதிரே உட்கார்ந்து பேசுகிறவருக்குக் கூடத் தெரியாது!

பல் எப்படி நகர்கிறது?

பல் என்பது சுவரில் அடித்த ஆணி அல்ல. அதன் வேருக்கும் தாடை எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப் படலம் ஒன்று இருக்கிறது. கம்பி மெதுவாக அழுத்தும்போது, பல் போகிற திசையில் எலும்பு சிறிது சிறிதாகக் கரைகிறது. பின்னால் விட்டுவந்த இடத்தில் புது எலும்பு வளர்கிறது. மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் பயணம்!

கபாலி கோயில் தேரைப் பார்த்திருப்பீர்களே? வடம் ஒரு பக்கம் இழுக்கும், முட்டுக்கட்டை ஒரு பக்கம் திருப்பும். அவசரப்பட்டால் ஆபத்து. பல்லும் அப்படியே. முன்னால் ஒட்டினாலும் பின்னால் ஒட்டினாலும் தேர் நிலைக்கு வர ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும்.

தற்காப்புக் கலையில் பிறந்த யோசனை

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பல்லையும் சுற்றி உலோக வளையம் மாட்டித்தான் கம்பி கட்டுவார்கள். மறைப்பது எங்கே! 1955-ல் அமெரிக்கரான மைக்கேல் புவனகோர், பல்லின் மேற்பரப்பை அமிலத்தால் லேசாகச் சொரசொரப்பாக்கினால் பசை நன்றாகப் பிடிக்கும் என்று காட்டினார். அதன் பலனாக, பிற்பாடு சிறு பிடிப்பான்களை நேரே பல்லில் ஒட்டும் வழி பிறந்தது.

1970-களில் ஜப்பானிய டாக்டர் கின்யா ஃபுஜிதா இதைப் பல்லின் பின்புறத்துக்குக் கொண்டுபோனார். எதற்குத் தெரியுமா? அழகுக்காக அல்ல! தற்காப்புக் கலை பயில்கிறவர்கள் முகத்தில் அடி வாங்கும்போது, முன்பக்கக் கம்பி உதட்டைக் கிழித்துவிடுமே என்ற கவலை. அவர் வளைத்த கம்பியின் வடிவம் காளானைப் போல இருந்தது. 1979-ல் தம் முறையை விரிவாக வெளியிட்டார். அதே சமயத்தில் அமெரிக்காவின் பெவர்லி ஹில்ஸில் டாக்டர் கிரேவன் கர்ஸ், முகமே மூலதனமான சினிமா உலகத்தாருக்காகத் தனியாக இதே வழியில் முயன்று, 1976-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இன்றோ கம்ப்யூட்டரில் பல்லின் வடிவத்தைப் பதிந்து, ஒவ்வொரு பல்லுக்கும் அளவெடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரிப் பிடிப்பான் செய்கிறார்கள்.

நாக்கு என்ன சொல்லும்?

முதலில் கோபித்துக்கொள்ளும். 'ழ' வராமல் போய்விடுமோ என்று பயப்படுவோம். ஆனால், 'ழ' சொல்லும்போது நாக்கு மேலே அண்ணத்தைத் தேடிப் போகிறது, பல்லைத் தொடுவதில்லை. மேல்பல்லின் அடியைத் தொட்டுப் பிறப்பவை 'த'வும் 'ந'வும். தொல்காப்பியரே இதைச் சொல்லியிருக்கிறார். ஆகவே 'தயிர்', 'நெய்' கேட்பதற்குத்தான் சிரமம்! பாடுகிறவர்களுக்கு 'ச', 'த', 'நி' மூன்றும் சில நாள் தகராறு செய்யும். தினம் உரக்கப் படித்தால் சில வாரங்களில் பழகிவிடும். மார்கழிக் கச்சேரி ஒப்புக்கொண்டவர்கள் கார்த்திகையில் கம்பி போடாமல் இருப்பது நலம்.

நாக்கில் சிராய்ப்பு ஏற்பட்டால், டாக்டர் தரும் மெழுகைப் பிடிப்பான் மேல் ஒட்டிக்கொள்ளலாம். சீடை, முறுக்கு, தட்டை வேண்டாம். இட்லியும் தயிர் சாதமும் உத்தமம். சுத்தம் செய்வது கூடுதல் வேலை. கண்ணுக்குத் தெரியாத இடமாயிற்றே! சிறு கண்ணாடியும் இடுக்குப் பிரஷும் அவசியம்.

யாருக்கு ஏற்றது?

ஈறு நோய் இல்லாதவரை வயது தடையில்லை. ஈறு வீங்கியிருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். மேல்பல் கீழ்ப்பல்லை ஆழமாக மூடியிருந்தாலும், பல்லின் பின்புறம் மிகக் குட்டையாக இருந்தாலும் மறைகம்பி சிரமம். செலவும் சாதாரணக் கம்பியைவிட மிக அதிகம். இரண்டு மடங்கு ஆனாலும் ஆச்சரியமில்லை. கட்டுப்படாதவர்கள் வருந்த வேண்டாம். பல்லின் நிறத்திலேயே பீங்கான் பிடிப்பான் உண்டு. கழற்றி மாட்டும் கண்ணாடி போன்ற உறையும் உண்டு. 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கி, இன்று கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இயங்கும் அரசு பல் மருத்துவக் கல்லூரியில் பல் சீரமைப்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. எங்கே போனாலும் பி.டி.எஸ்.ஸுக்குப் பின் சீரமைப்பில் எம்.டி.எஸ். படித்தவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

'மூன்று மாதத்தில் முகூர்த்தம், அதற்குள் சரியாக வேண்டும்' என்று டாக்டரை நெருக்காதீர்கள். அவசரத்துக்கு நல்ல பல்லை ராவி உறை மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. ராவிய எனாமல் மறுபடி வளராது. அந்தப் பெண் ஆயுளுக்கும் உறையைப் பராமரிக்க வேண்டியதுதான். கம்பியைக் கழற்றிய பிறகும் பல் பழைய இடத்துக்குத் திரும்பப் பார்க்கும். அதைத் தடுக்க, தாங்கி போட்டுக்கொள்ள வேண்டும்; அதில் சோம்பல் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள். மெல்லுவதற்குச் சிரமமோ, தேய்க்க முடியாத நெருக்கமோ இருந்தால் வைத்தியம் அவசியந்தான். வெறும் தெற்றுப்பல் என்றால், அது அவளுக்குப் பிடித்தே இருக்கலாம்! மாற்றிக்கொள்வதும் விட்டுவைப்பதும் அவள் இஷ்டம். இரண்டு வருஷம் கம்பியோடு குடித்தனம் செய்யப் போவது ஜாதகம் பார்க்க வந்த மாமி அல்லவே!