சைக்கிள் ஏறி வந்த சம்பளம்: பேரா தோட்டங்களின் கதை தெரியுமா?

மலேசியாவின் பேரா மாநிலத்தில், கோலகங்சாரில் நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கும் ரப்பர் மரத்தின் வயது தெரியுமா? 1877-ல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பது, பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோ காலத்தில் இங்கே நடப்பட்டன. அந்த ஒன்பதில் இன்று உயிரோடிருப்பது இது ஒன்றுதான்! நம் தாத்தா பாட்டியைக் கப்பலேற்றிய பயிரின் மூதாதை. அங்கிருந்து பழைய சாலையில் ஈப்போவுக்குப் போனால் நடுவில் வரும் ஊர் சுங்கை சிப்புட். இத்தனை சின்ன ஊர் ஒரு நாட்டையே மூன்று முறை திடுக்கிட வைத்தது எப்படி என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி. அந்தக் காலத்தில் மழை பெய்தால் சம்பளம் கிடைக்காத வேலை எது தெரியுமா? பால் வெட்டு! விடியுமுன் பெரட்டு (பெயர் கூப்பிடுதல்), பிறகு உளியும் வாளியுமாக நிரைக்குப் போக வேண்டும். குளிர்ச்சியில்தான் மரம் தாராளமாகப் பால் கொடுக்கும், வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். பட்டை நனைந்திருந்தாலோ வெட்டிய கோட்டில் பால் நிற்காது. மரமெங்கும் வழிந்து ஓடும், மங்குக் கிண்ணத்தில் விழுந்த கொஞ்சமும் மழைத் தண்ணீரோடு கலந்து வீணாகும். ஆகவே மழை நாளில் வெட்டு இருக்காது, அன்றைக்குக் கூலியும் கிடைக்காமல் போனது. வானம் இருண்டால் அடுப்பும் இருண்டது. 'எங்களுக்கு மாதச் சம்பளம் கொடுங்கள்' என்ற கோரிக்கை பிறந்தது இந்த ஈரப் பட்டையிலிருந்துதான்.

சரி, வேலைநிறுத்தம் செய்ய வேண்டியதுதானே என்று பட்டணத்தில் இருப்பவர் கேட்கலாம். லயத்து வீடு யாருடையது தெரியுமா? தோட்டத்துடையது. குழாய்த் தண்ணீர், பிள்ளை படிக்கும் தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் நிற்கும் நிலம் எல்லாமே அதே நிர்வாகத்தின் எல்லைக்குள். வேலை போனால் கூரையும் போகும். 55 வயதில் ஓய்வு பெற்றவரும் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் குடியிருந்தவர் மட்டுமே. இத்தனை பிடியிலும் ஒருவர் நிமிர்ந்து நின்று கூலி கேட்டாரே, அந்தத் துணிச்சலை முதலில் அளந்து பார்க்க வேண்டும்!

இனி சைக்கிள் கதை. 1941-ல் சிலாங்கூரின் கிள்ளான் பகுதித் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஆர்.எச். நாதன் முன்னின்று நடத்தினார். கேட்டவற்றுள் ஒன்று கூலி உயர்வு, இன்னொன்று கள்ளுக்கடைகளை மூடுவது. இன்னும் ஒன்று தெரியுமா? எதிரே துரை வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பது! ஒரு மனிதன் சைக்கிளில் உட்கார்ந்தபடியே போவதற்குப் போராட வேண்டியிருந்த காலம் அது. நாதன் நாடு கடத்தப்பட்டார், படை வந்தது, தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கூலியைப் பற்றிப் பேசும் வரலாற்று நூல்கள் இந்த சைக்கிள் கோரிக்கையை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. எனக்கென்னவோ அதுதான் முதல் கோரிக்கையாகத் தோன்றுகிறது.

1948 ஜூன் 16, சுங்கை சிப்புட். எல்பில் தோட்டத்துக்குக் காலையில் மூன்று இளைஞர்கள் வந்தார்கள். எதில்? சைக்கிளில்தான்! மேலாளர் வாக்கரைச் சுட்டுவிட்டுப் போனார்கள். அதே நாளில் அருகிலிருந்த பின் சூன் தோட்டத்தில் மேலும் இரண்டு வெள்ளைக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் மலாயா முழுவதற்கும் பரவி, 1960 வரை பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. சுட்டவர்கள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள், அந்தக் கொலைகளுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அதைச் சாக்காக வைத்து நசுக்கப்பட்டது என்ன தெரியுமா? கூலிக்காகப் போராடிய தொழிற்சங்க இயக்கம் முழுவதும்! மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர், தஞ்சை மாவட்டத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ்.ஏ. கணபதி, 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார்.

அதே சுங்கை சிப்புட்டில் வேறொரு பாதையும் பிறந்தது. அவ்வூர்க்காரரான துன் வீ.தி. சம்பந்தன் அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராகவும் இருந்த காலத்தில், வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். இந்தத் தோட்டத் துண்டாடலில் தொழிலாளி நடுத்தெருவுக்கு வந்தார். தோட்டம் தோட்டமாகப் போய் சம்பந்தன் என்ன கேட்டார் தெரியுமா? மாதம் 10 வெள்ளி! அப்படிச் சேர்ந்த காசில் 1960-ல் உருவானது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். பால் வெட்டிய கை அந்தத் தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனது. எல்லாத் தோட்டங்களையும் அது காப்பாற்றவில்லை, காப்பாற்றியிருக்கவும் முடியாது. ஆனாலும் யோசனை எத்தனை பெரியது!

ரப்பர் போய் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. 1990களில் ஈப்போ அரசு மருத்துவமனையில் நெஞ்சுநோய் மருத்துவராக இருந்த டாக்டர் மைக்கேல் ஜெயக்குமார் தேவராஜும் செயற்பாட்டாளர் ராணி ராசையாவும் 'அலைகள்' என்ற அமைப்பின் மூலம் தோட்டம் தோட்டமாகப் போனார்கள். மாதச் சம்பளம், மாற்று வீடு, இழப்பீடு என்று கோரிக்கைகள். 2000களின் தொடக்கத்தில்கூடத் தோட்டத்து மாத உத்தரவாதச் சம்பளம் 350 வெள்ளியைச் சுற்றித்தான் இருந்தது என்றால் நம்புவீர்களா? இப்படிப்பட்ட சிறு குழுக்கள் சேர்ந்து 1998-ல் மலேசிய சோசலிசக் கட்சி ஆனது. அதற்குப் பதிவு கிடைக்கவே பத்து வருடம் நீதிமன்றப் படி ஏற வேண்டியிருந்தது.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில், மலேசிய இந்தியர் உரிமை கோரிய இண்ட்ராப் இயக்கத்தின் பேரணி. தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்ட பிள்ளைகளின் கோபம் தலைநகரத் தெருக்களில் நிறைந்தது. அதன் தலைவர்கள் ஐவரை விசாரணையின்றி அடைத்த இடம் எது தெரியுமா? இதே பேரா மாநிலத்தில், தைப்பிங்கை ஒட்டிய கமுந்திங் முகாம். நான்கு மாதம்கூட ஆகவில்லை, 2008 மார்ச் 8 தேர்தல். 1974 முதல் சுங்கை சிப்புட்டைக் கையில் வைத்திருந்த ம.இ.கா. தலைவர் டத்தோ ஸ்ரீ சாமிவேலு, இரண்டு முறை தன்னிடம் தோற்ற அதே டாக்டர் ஜெயக்குமாரிடம் தோற்றார்! வித்தியாசம் இரண்டாயிரம் வாக்குகூட இல்லை. அந்தத் தேர்தலில் பேரா மாநில அரசும் கவிழ்ந்தது.

அந்த டிசம்பரில் மறுபடியும் சைக்கிள்! ஒடுக்கப்பட்டோர் கூட்டமைப்பான ஜெரிட், வடக்கிலிருந்து ஓர் அணியும் தெற்கிலிருந்து ஓர் அணியுமாக நாடாளுமன்றத்துக்கு சைக்கிள் பயணம் நடத்தியது. ஓட்டியவர்களில் பலர் இளவட்டங்கள். வழியெங்கும் போலீஸ் கெடுபிடி. குறைந்தபட்ச சம்பளச் சட்டம் அவர்களுடைய முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. இறங்கி நிற்கச் சொன்னது 1941, இறங்க மாட்டோம் என்று நாடாளுமன்றம்வரை மிதித்தது 2008.

2011-ன் வேடிக்கை இன்னும் பெரியது. செப்டம்பரில் நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் '99 விழுக்காடு நாங்கள்' என்று இளைஞர்கள் கூடாரம் போட்டதை உலகமே படம் பிடித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜூலையில், சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினரான டாக்டர் ஜெயக்குமார் உட்பட சோசலிசக் கட்சியினர் ஆறு பேர் அவசரகாலச் சட்டத்தின் கீழ்க் காவலில் இருந்தார்கள்! பேரரசருக்கு எதிராகப் போர் தொடுக்க முயன்றதாகப் போலீஸ் கிளப்பிய சந்தேகத்துக்குக் கையில் கிடைத்த 'ஆயுதம்' என்ன தெரியுமா? மலாயாக் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் போன்றோரின் படம் அச்சிட்ட டி-சட்டைகள். (இது 1969-ல் வந்த அவசரகாலச் சட்டம், 1948-ல் அறிவித்தது வேறு. நமக்கு அவசரத்துக்கு என்றைக்குமே பஞ்சமில்லை.) நான்கு வாரத்துக்குள் ஆறு பேரும் வெளியே வந்தார்கள். சட்டமும் அதிக நாள் நிலைக்கவில்லை, ரத்தானது.

2013 ஜனவரி முதல் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச சம்பளம் 900 வெள்ளி. மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் ஆண்டுக்கணக்காகக் கேட்டு வந்த அடிப்படைத் தொகை எவ்வளவு தெரியுமா? அதே 900! 2022-ல் அது 1,500 ஆனது, 2025 பிப்ரவரியில் 1,700. இதில் ஒரு திருப்பமும் உண்டு. கேட்டவர்களில் பலர் அது வருவதற்குள் தோட்டத்தை விட்டே போய்விட்டார்கள். இன்று செம்பனைக் குலையை அறுக்கும் இந்தோனேசியருக்கும் வங்காளதேசத்தவருக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். அதை வாங்கித் தந்தவர்களின் பெயரை அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மாற்று வீடு விஷயத்திலோ பாதிக் கிணறுகூடத் தாண்டவில்லை. தோட்டம் கைமாறும்போதெல்லாம் அதே வழக்கு, அதே மகஜர்.

அந்த டாக்டர்? 2018 தேர்தலில் தொகுதியை இழந்தார், வைப்புத்தொகையும் போனது! ஊர் மாற்றத்துக்கு வாக்களித்தது, மாற்றத்துக்காக உழைத்தவருக்கு அல்ல. கட்சி கடையை மூடியிருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். 2023-ல் சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் நடுவே, செம்மோர் கந்தானில் தலைமுறைகளாகக் காய்கறி பயிரிட்ட சீன விவசாயிகளின் நிலத்தில் புல்டோசர் இறங்கியது. அதன் குறுக்கே விவசாயிகளோடு போய் நின்றவர்கள் யார் தெரியுமா? லயத்து வாசலில் போராட்டம் படித்த இதே கட்சிக்காரர்கள்.