கார்க்கசோன்: போட்டியிட்டுக் கட்டும் நகரம்

(ஒரு மாணவன், மூன்றாம் ஆண்டு இளங்கலை வரலாறு)

விளையாட்டு என்றதும் ஒருவர் வெல்வதும் மற்றவர் தோற்பதுமே நம் நினைவுக்கு வருகின்றன. சதுரங்கத்தில் எதிரியின் காய்களை வெட்டுகிறோம். தாயத்தில் எதிரியின் காயை வெட்டி, அது புறப்பட்ட இடத்துக்கே திருப்பி அனுப்புகிறோம். கேரத்தில் காய்களை ஒவ்வொன்றாகக் குழிக்குள் தள்ளுகிறோம். ஆட்டம் முடியும்போது சதுரங்கப் பலகையில் மிஞ்சுவன சில காய்களே. கேரம் பலகையோ ஏறக்குறைய வெறுமையாகிவிடுகிறது. நிறைவில் தொடங்கி வெறுமையில் முடிவது இவ்விளையாட்டுகளின் இயல்பு.

இதற்கு நேர்மாறான ஆட்டம் ஒன்று உண்டு. அது வெறும் மேசையில் தொடங்கும். முடியும்போதோ அம்மேசையில் கோட்டை நகரங்களும், அவற்றை இணைக்கும் சாலைகளும், பசும் வயல்களும், துறவியர் மடங்களும் கொண்ட ஒரு நாடே விரிந்து கிடக்கும். அதைக் கட்டியவர்கள் யார்? ஒருவரையொருவர் வெல்லத் துடித்த போட்டியாளர்களே! இந்த விந்தைதான் அவ்வாட்டத்தைப் பற்றி எழுத என்னைத் தூண்டியது.

தோற்றம்

ஆட்டத்தின் பெயர் கார்க்கசோன். தென் பிரான்சில் ஓட் என்னும் ஆற்றின் கரையில், குன்றின்மீது அமைந்த பழைய கோட்டை நகரம் ஒன்றின் பெயர் இது. ஆட்டத்தை ஆக்கியவர் பிரெஞ்சுக்காரர் அல்லர், ஜெர்மனி நாட்டவர். இசை ஆசிரியராகப் பணியாற்றிய கிளாவுஸ் யூர்கன் விரேடே என்பவர் உருவாக்கிய இந்த ஆட்டத்தை ஹான்ஸ் இம் கிளூக் என்னும் ஜெர்மன் நிறுவனம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டது. மறு ஆண்டே, அதாவது 2001இல், அந்நாட்டில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கு வழங்கப்படும் பரிசு இதற்குக் கிடைத்தது. பிறகு பல மொழிகளில் வெளிவந்து பல நாடுகளுக்கும் பரவியது.

இரண்டு பேர் முதல் ஐந்து பேர் வரை ஆடலாம். ஓர் ஆட்டம் முடிய முக்கால் மணி நேரம் போதும். பகடை இல்லை, பணம் வைத்து ஆடுவதும் இல்லை. பள்ளிச் சிறுவனும் கால் மணி நேரத்தில் கற்றுக்கொள்ளும் அளவுக்கு எளிமையானது. ஆனால் எளிமைக்குள் ஆழம் இருக்கக் கூடாதா என்ன?

ஆடும் முறை

பெட்டியில் 72 சதுர அட்டைகள் இருக்கும். ஒவ்வோர் அட்டையிலும் நிலத்தின் ஒரு துண்டு வரையப்பட்டிருக்கும். நகரத்தின் மதில், சாலை, வயல் ஆகிய மூன்றில் ஒன்று அட்டையின் ஒவ்வொரு விளிம்பையும் தொட்டு நிற்கும். சில அட்டைகளின் நடுவே துறவியர் மடம் இருக்கும். ஓர் அட்டையை மேசையின் நடுவில் வைத்து ஆட்டம் தொடங்குகிறது. மற்ற 71 அட்டைகளையும் கலைத்துக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள்.

தம் முறை வந்தவர் ஓர் அட்டையை எடுத்து, ஏற்கெனவே மேசையில் உள்ள அட்டைகளை ஒட்டி வைக்க வேண்டும். நகரத்தோடு நகரமும், சாலையோடு சாலையும், வயலோடு வயலும் பொருந்த வேண்டும் என்பதே விதி. நான் எடுத்த அட்டையை என் நிலத்தை ஒட்டித்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. என் நிலம், உன் நிலம் என்ற பிரிவே இங்கில்லை. மேசையில் விரிவது எல்லார்க்கும் பொதுவான ஒரே நிலப்படம்.

அப்படியானால் போட்டி எங்கே வருகிறது? ஒவ்வொருவர் கையிலும் மனித வடிவில் செய்த 7 மரக் காய்கள் உள்ளன. தாம் அப்போது வைத்த அட்டையின்மீது மட்டும், விரும்பினால், ஒரு காயை நிறுத்தலாம். நகரத்தில் நிறுத்தினால் அவன் வீரன்; சாலையில் நிறுத்தினால் வழிப்பறிக்காரன்; மடத்தில் துறவி; வயலில் படுக்க வைத்தால் உழவன். ஏற்கெனவே ஒருவருடைய காய் இருக்கும் நகரத்திலோ சாலையிலோ வயலிலோ இன்னொருவர் நேராகக் காய் வைக்க முடியாது.

மதிப்பெண் கணக்கு

மதில் சுற்றிலும் மூடி, உள்ளே இடைவெளி இல்லாதபோது நகரம் முழுமை பெறுகிறது. அதில் வீரனை வைத்திருப்பவருக்கு அட்டை ஒன்றுக்கு 2 மதிப்பெண். கேடயச் சின்னம் உள்ள அட்டைக்கு மேலும் 2. ஆறு அட்டைகளும் அவற்றில் ஒரு கேடயமும் கொண்ட நகரம் முடிந்தால் 14 மதிப்பெண் கிடைக்கும். ஆட்டம் முடியும்வரை அது மூடப்படாமலே நின்றுவிட்டால் பாதிதான், அதாவது 7. இரு முனைகளும் அடைபட்ட சாலைக்கு அட்டை ஒன்றுக்கு 1 மதிப்பெண். மடத்தைச் சுற்றி எட்டுப் பக்கமும் அட்டைகள் நிரம்பினால், மடத்தையும் சேர்த்து 9 மதிப்பெண்.

வேலை முடிந்ததும் அங்கே நின்ற காய் உரியவர் கைக்குத் திரும்பிவிடும். அவனை மீண்டும் வேறிடத்துக்கு அனுப்பலாம். வேலை முடியாவிட்டால் அவன் அங்கேயே சிறைப்பட்டவன்தான். ஆகவே பேராசையோடு பெரிய நகரத்தைத் தொடங்கி முடிக்க இயலாமல் தவிப்பவரைவிட, இரண்டே அட்டைகளில் சிறு நகரங்களை மூடி 4, 4 என்று சேர்த்துக்கொண்டே போகிறவர் முந்திவிடுவதும் உண்டு.

உழவனின் நிலை வேறு. வயலில் படுத்தவன் ஆட்டம் முடியும்வரை எழுவதே இல்லை. இறுதிக் கணக்கின்போது, அவன் வயலைத் தொட்டு நிற்கும் முழுமையான நகரம் ஒவ்வொன்றுக்கும் 3 மதிப்பெண் பெற்றுத் தருகிறான். அந்த நகரங்களைக் கட்டியவர் எவர் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. எதிரி கட்டிய நகரமும் உழவனுக்கு வாழ்வளிக்கும். நகரங்கள் தழைத்தால் அவற்றைச் சூழ்ந்த வயலும் தழைக்கும் என்பது அதன் பொருள் போலும்.

நினைவில் கொள்ள வேண்டிய எண்கள்

அட்டையை எடுப்பது தற்செயல். அதை எங்கே வைப்பது என்பது அறிவு. தேர்ந்தவர்கள் எவ்வகை அட்டை எத்தனை உண்டு என்பதை நினைவில் வைத்திருப்பார்கள். சாலை மட்டும் வரைந்த அட்டைகளில் நேர்ச்சாலை 8, வளைவு 9, மூன்று சாலைகள் கூடுவது 4, நாற்சந்தி 1. மடங்கள் மொத்தம் 6. நான்கு விளிம்புகளிலும் நகரமாகவே உள்ள அட்டை ஒன்றே ஒன்று.

இந்தக் கடைசி எண்தான் முக்கியமானது. ஒருவருடைய நகரத்தின் நடுவே, நான்கு புறமும் நகர விளிம்புகள் சூழ்ந்த ஓர் இடைவெளி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த ஓர் அட்டை முன்பே வேறிடத்தில் வைக்கப்பட்டிருந்தால், அவ்விடைவெளியை நிரப்ப இனி எவராலும் ஆகாது. அந்நகரம் என்றைக்கும் முடியாது. அதில் நின்ற வீரனும் திரும்பமாட்டான்.

ஓர் அனுபவம்

மேலே சொன்னது கற்பனை அன்று, எனக்கு நேர்ந்ததே. எங்கள் விடுதியில் ஒரு நண்பன் கொண்டுவந்திருந்த பெட்டியை வைத்து ஒரு மழை நாள் மாலையில் மூவர் ஆடினோம். ஏழு அட்டைகளும் இரண்டு கேடயங்களும் கொண்ட என் நகரம் முடியும் தறுவாயில் இருந்தது. முடிந்திருந்தால் 18 மதிப்பெண். எதிர் அறை நண்பன் ஓர் அட்டையைக் கொண்டுவந்து, நான் மேலே கூறிய இடைவெளியை உண்டாக்கினான். நிரப்ப வேண்டிய அந்த ஓர் அட்டை முன்பே போய்விட்டிருந்தது. எனக்குக் கிடைத்தது 9 மட்டுமே.

நான் சும்மா இருப்பேனா? என் அடுத்த மூன்று முறைகளையும் அவனைப் பழிவாங்குவதிலேயே செலவிட்டேன். 12 மதிப்பெண் தர வேண்டிய அவனுடைய நகரத்தை 6ஆகக் குறைத்த பிறகே என் மனம் ஆறியது. நாங்கள் இருவரும் இப்படி மோதிக்கொண்டிருக்க, மூன்றாவது நண்பன் வாய் திறக்காமல் சிறு சிறு நகரங்களை மூடிக்கொண்டிருந்தான். வயலில் ஓர் உழவனையும் படுக்க வைத்திருந்தான். கணக்குப் பார்த்தபோது அந்த உழவன் ஒருவனே ஐந்து நகரங்களுக்கு 15 மதிப்பெண் தந்தான். வென்றவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு உறக்கம் வராமல் யோசித்தேன். இருவர் மட்டுமே ஆடும்போது எதிரிக்கு வரும் நட்டம் எனக்கு ஆதாயமே. ஆனால் மூன்றாமவர் ஒருவர் வந்தவுடன் கணக்கு மாறிவிடுகிறது. நான் ஒருவரைக் கெடுக்கும்போது என் முறையை இழக்கிறேன். அவர் தம் மதிப்பெண்ணை இழக்கிறார். பயனடைவதோ ஒதுங்கி நின்றவர்.

என் நண்பனுக்கு வேறு வழி இல்லாமலும் இல்லை. காய் இருக்கும் நகரத்தில் நேராக நுழையக் கூடாது என்றேன் அல்லவா? ஆனால் அருகிலேயே தனியாக ஒரு நகரத் துண்டைத் தொடங்கி, அதில் தன் வீரனை நிறுத்திவிட்டு, பிறகு ஓர் அட்டையால் இரண்டையும் இணைக்கலாம். அவ்வாறு இணைந்தால், எவருக்கு வீரர் அதிகமோ அவருக்கே முழு மதிப்பெண்ணும் போகும். இருவருக்கும் சமமான வீரர் இருந்தாலோ, மதிப்பெண்ணைப் பாதியாகப் பங்கிடுவதில்லை; இருவருக்கும் முழுமையாகவே வழங்கப்படும்! அவன் என் நகரத்தைக் கெடுக்காமல் அதில் வந்து சேர்ந்திருந்தால், எனக்கும் 18, அவனுக்கும் 18. என்னிடமிருந்து எதையும் பறிக்காமலே அவன் உயர்ந்திருப்பான்.

உண்மை நகரத்தின் கதை

ஆட்டத்துக்குப் பெயர் தந்த நகரத்தின் வரலாற்றைப் படித்தபோது, அங்கும் இதே பாடத்தைக் கண்டேன்.

கார்க்கசோன் ஒரே அரசன் ஒரே காலத்தில் கட்டிய நகரம் அன்று. உள்மதிலின் அடித்தளம் உரோமானியர் காலத்தது. ஐந்தாம் நூற்றாண்டில் அதை விசிகோத்தியர் கைப்பற்றினர். எட்டாம் நூற்றாண்டில் முதலில் அரபுப் படையினரும் பின்னர் பிராங்கியரும் கைப்பற்றினர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் திரன்கவேல் குடும்பத்தார் உள்ளே தம் அரண்மனைக் கோட்டையை எழுப்பினர். 1209இல் சிலுவைப்படை நகரை முற்றுகையிட்டது. ஆகஸ்டு மாத வெயிலில் நீரின்றித் தவித்த நகரம் சரணடைந்தது. இளம் ஆட்சியாளர் ரெமோன் ரொழே திரன்கவேல் அவ்வாண்டே சிறையில் மாண்டார். பின்னர் நகரம் பிரெஞ்சு மன்னர் கைக்கு வந்தது. ஒன்பதாம் லூயி மன்னர் காலத்தில் வெளிமதிலும் எழுந்தது.

இவர்கள் ஒருவருக்கொருவர் நண்பர் அல்லர், பலர் பகைவர். ஆயினும் வென்றவர் தோற்றவரின் சுவரை அடியோடு பெயர்த்தெறியாமல் அதன்மேலேயே தம் கல்லை அடுக்கினார். அதனால்தான் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டை மதில்களும் 52 கோபுரங்களும் கொண்ட நகரம் உருவாயிற்று.

அந்நகரத்துக்கு அழிவு போரால் வரவில்லை. புறக்கணிப்பால் வரப் பார்த்தது. 1659இல் பிரான்சும் ஸ்பெயினும் செய்துகொண்ட பிரனே உடன்படிக்கையால் எல்லை தெற்கே தள்ளிப் போயிற்று. எல்லைக் காவல் என்ற பயன் போனதும் கோட்டையின் மதிப்பும் போயிற்று. மதில்கள் சிதைந்தன. 1849இல் அரண்களை இடித்துவிடலாம் என்றே அரசு முடிவு செய்தது. அவ்வூர் அறிஞர் குரோ மேரவியேல், எழுத்தாளர் பிராஸ்பர் மெரிமே போன்றோர் எதிர்த்துக் குரல் எழுப்ப, அம்முடிவு கைவிடப்பட்டது. 1853இல் வியோலே லெ துக் என்னும் கட்டடக்கலை வல்லுநரின் பொறுப்பில் சீரமைப்புத் தொடங்கியது. கோபுரங்களின்மேல் அவர் அமைத்த கூம்பு வடிவப் பலகைக்கல் கூரைகள் அந்த வட்டாரத்துக்கு ஒவ்வாதவை என்று குறை கூறியவர்களும் உண்டு. எனினும் நகரம் பிழைத்தது. 1997இல் யுனெஸ்கோ அதனை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இடித்திருந்தால் நகரமும் இல்லை. அதன் பெயரால் ஓர் ஆட்டமும் பிறந்திராது.

முடிவுரை

போட்டியே கூடாது என்று நான் கூறவரவில்லை. கார்க்கசோன் போட்டி ஆட்டமே. இறுதியில் ஒருவர் முந்துவார், மற்றவர் பிந்துவார். பிறரைத் தடுக்க வேண்டிய கட்டங்களும் அதில் வரும். ஆயினும் பிறர் சுவரைக் கெடுப்பதையே தொழிலாகக் கொண்டவர் நெடுந்தூரம் செல்வதில்லை என்பதை அந்த மழை நாள் எனக்குக் கற்பித்தது.

நம் கல்லூரி வாழ்விலும் போட்டிக்குக் குறைவில்லை. தேர்வு நெருங்கும்போது குறிப்பேட்டை மறைத்து வைப்பவர் உண்டு; நூலகத்தில் நல்ல நூலை எவர் கண்ணிலும் படாத அடுக்கில் செருகிவிட்டுப் போகிறவரும் உண்டு. வகுப்பில் இருப்பவர் இருவர் அல்லர், அறுபது பேர் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஒருவரைக் கெடுக்கச் செலவிடும் பொழுதில் மற்ற ஐம்பத்தெட்டுப் பேரும் முன்னே போய்விடுகிறார்கள். சேர்ந்து படித்தால் மதிப்பெண் பாதியாகக் குறைவதில்லை. இருவருக்கும் முழுமையாகவே கிடைக்கும்.

என் எதிர் அறை நண்பனும் நானும் இப்போதும் ஆடுகிறோம். இப்போதும் அவனை வெல்லவே விரும்புகிறேன். ஆனால் ஆட்டம் முடிந்ததும் அட்டைகளை உடனே கலைத்துவிடுவதில்லை. சிறிது நேரம் இருவரும் நின்று, நாங்கள் கட்டிய நாட்டைப் பார்த்துவிட்டே பெட்டியில் இடுகிறோம்.