ஆளில்லாத வீட்டுக்கும் தண்ணீர் பில்

தென்சென்னைப் புறநகரில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம் பக்கம் நடந்து பாருங்கள். தெருவுக்கு ஒரு வீடாவது சாரம் கட்டி நிற்கும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் மனை வாங்கி, வங்கிக் கடனில் கட்டிய தனி வீடுகள் அவை. இப்போது மேல்மாடி எழுகிறது, அல்லது பாத்ரூமும் சமையலறையும் இடித்துக் கட்டப்படுகின்றன. குடும்பம் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போயிருக்கும். ஆறு மாதத்தில் முடியும் என்ற வேலை ஒரு வருடம் இழுக்கும். வீட்டு வாடகை, மேஸ்திரி கூலி, டைல்ஸ் கடை பாக்கி எல்லாம் சேர்ந்து கையிருப்பைக் கரைத்திருக்கும் நேரத்தில், பூட்டிய வீட்டின் பெயருக்குக் குடிநீர்க் கட்டண நிலுவை வந்து நிற்கும்.

“ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கலையே, எதுக்குப் பில்?”

நியாயமான கேள்விதான். ஆனால் ‘தண்ணீர் பில்’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் வரி, கட்டணம் என்று இரண்டு சங்கதிகள் இருக்கின்றன. இரண்டுமே, உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை.

வரி என்பது கட்டடத்தின் மேல் விழுவது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் குடிநீர் வாரியம் வசூலிக்கும் குடிநீர், கழிவுநீர் வரி, வீட்டின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதம். குழாயில் எவ்வளவு வந்தது என்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. உலகில் நமக்கு மட்டுமே உள்ள விசித்திரமும் அல்ல இது. இங்கிலாந்தில் மீட்டர் பொருத்தாத பழைய வீடுகளுக்கு இன்றும் 1973-இல் போட்ட சொத்து மதிப்பை வைத்தே தண்ணீர் பில் கணக்கிடப்படுகிறது.

தென்சென்னைப் புறநகரில் இன்னொரு குழப்பம், யாரிடம் போய்க் கேட்பது என்பது. ஆலந்தூர், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பகுதிகள் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. அங்கே 1978-இல் உருவான குடிநீர் வாரியத்திடம் பேச வேண்டும். தாம்பரம் தனி. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம் உள்ளிட்ட ஐந்து பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆனது. சொத்து வரிக்கு ஓர் எண், குடிநீர் இணைப்புக்கு ஓர் எண், பாதாளச் சாக்கடைக்கு ஓர் எண். சொத்து வரியைக் கட்டிவிட்டு ‘எல்லாம் கட்டியாயிற்று’ என்று நிம்மதியாக இருப்பவர்களின் பாக்கி, மற்ற இரண்டு எண்களில் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருக்கும்.

கட்டணத்தின் கதையைப் புரிந்துகொள்ள ஆலந்தூருக்குப் போக வேண்டும். தொண்ணூறுகளின் இறுதியில் ஆலந்தூர் தனி நகராட்சி. வீடுகள் பெரும்பாலும் செப்டிக் டேங்க்கை நம்பியிருந்தன. நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி, குடியிருப்போர் நலச் சங்கங்களைக் கூட்டிப் பேசி, பள்ளம் தோண்டும் முன்பே மக்களிடம் வைப்புத்தொகை கேட்டார். வீட்டுக்கு 5,000 ரூபாய், வணிகக் கட்டடத்துக்கு 10,000. அன்றைய நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் கட்டினார்கள், பாதாளச் சாக்கடையும் வந்தது. நகராட்சித் திட்டங்களைப் படிப்பவர்கள் நாடெங்கும் இன்றும் அதை எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள்.

ஆலந்தூர் மக்கள் முன்கூட்டியே பணம் கொடுத்தது போல, நாம் மாதக் கட்டணம் என்று கட்டுவதும் பெரும்பாலும் எப்போதும் தயாராக இருக்க வேண்டிய ஏற்பாட்டுக்குத்தான். பாலாற்றுப் படுகையிலிருந்து தாம்பரம் வரை குழாய் கிடக்க வேண்டும், பம்பு ஓட வேண்டும், தொட்டி கழுவ வேண்டும், வால்வு திறக்கும் ஊழியருக்குச் சம்பளம் போக வேண்டும். நெம்மேலியில் 2024-இல் திறந்த, நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கும் கரண்ட் பில் உண்டு. உங்கள் வீடு பூட்டியிருக்கிறது என்பதால் இவற்றில் எதுவும் நிற்பதில்லை. மீட்டர் இருந்தால் எடுத்த தண்ணீரைத் தனியாகவும் இந்த நிலையான செலவைத் தனியாகவும் காட்டலாம். இங்கே பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் இல்லை, அதனால் எல்லாம் ஒரே தட்டையான தொகை. ஆளில்லாத வீட்டுக்காரரின் மனக்குறை மீட்டர் வந்தால்தான் பாதியாவது தீரும் என்பது என் எண்ணம்.

சரி, இணைப்பையே துண்டித்துவிட்டால்? பாக்கி முழுவதும் கட்டிய பிறகுதான் துண்டிப்பார்கள். திரும்பச் சேர்க்கும்போது மறுபடி விண்ணப்பம், மறுபடி கட்டணம், புதிதாகப் போட்ட சாலையை வெட்டுவதற்கான செலவு. ஏழெட்டு மாத வேலைக்கு இது கட்டுப்படியாகாது. வெளிநாட்டில் மகனோடு சில வருடம் தங்கப் போகிறவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம்.

சொத்து வரியில் சலுகைக்கு ஒரு வாசல் இருந்தது. 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்தின்படி, கட்டடம் ஓர் அரையாண்டில் தொடர்ந்து 30 நாளோ அதற்கு மேலோ காலியாக இருந்தால், காலியாக இருந்த நாட்களுக்கு ஏற்ப, கட்டடத்துக்கான வரியில் அதிகபட்சம் பாதி வரை தள்ளுபடி கேட்கலாம். நிபந்தனை ஒன்று: முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். வீட்டை முழுதாக இடித்தவருக்கும் அதே கதைதான். தகவல் கொடுக்கும் வரை, இல்லாத கட்டடத்துக்கும் அவரே வரி கட்டியாக வேண்டும். 2023 ஏப்ரலில் அந்தச் சட்டத்தின் இடத்தை 1998-ஆம் ஆண்டின் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பிடித்தது. சட்டம் மாறினாலும், வேலை தொடங்கும் முன்பே மண்டல அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைத்திருப்பவருக்குத்தான் பிறகு பேச இடம் உண்டு. அந்தக் கடிதத்தில் சொத்து வரி, குடிநீர், பாதாளச் சாக்கடை ஆகிய மூன்று எண்களையும், வீடு காலியான தேதியையும் எழுதுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னதை எந்தக் கணினியும் பதிந்து வைப்பதில்லை.

இவ்வளவையும் விட எனக்குக் கவலை தருவது வேறு. காலி வீடு தண்ணீர் எடுப்பதில்லை என்று நாம் நினைப்பதே தவறு. குடும்பம் இல்லாவிட்டாலும், வேலை நடக்கும் வீடு நிறையத் தண்ணீர் குடிக்கிறது. செங்கல் ஊற வேண்டும், கலவைக்கு வேண்டும், பூச்சுக்கு வேண்டும். போட்ட கான்கிரீட்டை நாள்கணக்கில் ஈரமாக வைத்திருக்கும் க்யூரிங் இன்னும் பெரிய செலவு. இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 456, சாதாரண சிமெண்டில் போட்ட கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கு 10 நாள் ஈரம் காக்கச் சொல்கிறது. இப்போது கடையில் அதிகம் கிடைப்பது சாம்பல் கலந்த சிமெண்ட்தான்.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? சம்ப்பில் மாநகராட்சித் தண்ணீர் இருந்தால் சித்தாள் அதிலிருந்துதான் மொண்டு ஊற்றுவார், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கட்டட வேலைக்கு எடுப்பது வீட்டு உபயோகம் ஆகாது என்று 1920-ஆம் ஆண்டுச் சட்டமே பிரித்து வைத்தது. 2019 கோடையில் காலிக் குடங்களோடு லாரிக்கு நின்ற ஊர் இது. பாலாற்றுத் தண்ணீரைத் தளத்தில் கொட்டக் கூடாது.

போர் தண்ணீர் இருக்கிறதே என்றால், அதையும் சோதிக்க வேண்டும். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு எடுக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதும் அதே ஐ.எஸ். 456-இன் கணக்கு. நாக்கில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரில் தளம் போட்டால், சில வருடத்தில் கம்பி துருப்பிடித்து, கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழும். பல்லாவரம், குரோம்பேட்டை பக்கம் தோல் பதனிடும் தொழிலால் நிலத்தடி நீர் கெட்ட வரலாறும் இருக்கிறது. லாரித் தண்ணீரும் ஏதோ ஒரு போரிலிருந்து வருவதுதான். ஒரு பாட்டில் பிடித்து ஆய்வகத்தில் கொடுக்க ஆகும் செலவு, ஒரு லோடு மணலின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வீட்டை மேஸ்திரியிடம் விட்டுப் போகும் நாளில் சம்ப்பின் மிதவை வால்வு சரியாக அடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். தண்ணீர் முறைவைத்து ராத்திரியில் வரும், பூட்டிய வீட்டில் நிரம்பி வழிந்தால் கேட்க ஆளிருக்காது. பாதாளச் சாக்கடை இணைப்பின் வாயை ஒரு மூடி போட்டு அடைத்து வையுங்கள். சட்டி கழுவிய சிமெண்ட் தண்ணீர் உள்ளே போய் இறுகினால், அடைப்பு உங்கள் வீட்டோடு நிற்காது. பக்கத்து வீட்டுக் கழிவறையில் மேலெழும்பும்.