விமான நிலையத்தில் குழந்தைகளோடு



ரயில் நிலையம் குழந்தைகளுக்கு இனிய இடம். உள்ளே நுழைந்ததும் வண்டி தெரிகிறது. எஞ்சினின் ஒலி கேட்கிறது. சன்னலோரத்தில் அமர்ந்துவிட்டால் பாதிப் பிரயாணம் முடிந்தாற்போன்ற மகிழ்ச்சி. விமான நிலையமோ வேறு வகையானது. விமானத்தில் ஏறப்போகிறோம் என்று துள்ளிக்கொண்டு வரும் குழந்தைக்கு, முதல் இரண்டு மணி நேரம் விமானமே கண்ணில் படுவதில்லை. பெரியவர்களின் முதுகும், பெட்டிகளின் சக்கரங்களும், சீருடை அணிந்த அலுவலர்களுமே அதற்குத் தெரிகின்றன. குழந்தை அழத் தொடங்குகிறது, தாய் தவிக்கிறாள், சுற்றி நிற்போர் முகம் சுளிக்கின்றனர்.

தந்தை முன்னரே வேலைக்காக வெளிநாடு சென்றிருக்க, தாய் தன்னந்தனியாகச் சிறு குழந்தைகளை அழைத்துக்கொண்டு பின்னால் புறப்படும் குடும்பங்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அத்தகைய குடும்பத்தில் மூத்த பிள்ளையாகவோ, வரிசையில் அத்தாய்க்குப் பின்னால் நிற்கும் அயலாராகவோ நீங்கள் இருக்க நேரலாம். ஆகவே, இந்த இடம் எவ்வாறு இயங்குகிறது, குழந்தைகளுக்கு இது ஏன் இத்துணைக் கடினமாகிறது என்பதைச் சற்றே ஆராய்வோம். முப்பதாண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். ஆதலால் இடையிடையே ஒரு சிறு கணக்கும் வரும். பொறுத்தருள்க.

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து வெளிநாடு செல்லும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அவர்கள் கடக்கவேண்டிய வாயில்கள் ஐந்து. கட்டிடத்தின் நுழைவாயிலில் காவலர் பிரயாணச் சீட்டையும் பாஸ்போர்ட்டையும் பார்க்கிறார். விமானக் கம்பெனியின் மேசையில் சாமான்களை நிறுத்து வாங்கிக்கொண்டு, போர்டிங் பாஸ் என்னும் ஏறுசீட்டைத் தருகிறார்கள். மூன்றாவது, பாஸ்போர்ட்டில் முத்திரை இடும் இடம். நான்காவது, உடலையும் கைப்பையையும் பரிசோதிக்கும் பாதுகாப்புச் சோதனை. ஐந்தாவது, விமானத்துக்குள் செல்லும் வாயில். நீ யார், உன்னிடம் இருப்பது என்ன, நீ போவது எங்கே என்ற மூன்று கேள்விகளையே இந்த ஐந்து வாயில்களும் மாற்றி மாற்றிக் கேட்கின்றன.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒவ்வொரு வாயிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. விமானங்களைக் கடத்திச் செல்லும் கொடுமை பெருகியதனால், 1973-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமெரிக்க நாடு தன் விமானப் பிரயாணிகள் அனைவரையும் சோதிப்பதைக் கட்டாயமாக்கியது. 2006-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், திரவ வெடிமருந்தைக் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று லண்டனில் வெளிப்பட்டது. கைப்பையில் கொண்டுசெல்லும் திரவத்துக்கு ஒரு புட்டிக்கு 100 மில்லி லிட்டர் என்ற வரம்பு அதன் பின்னரே பல நாடுகளில் வந்தது. நம் நாட்டில் விமான நிலையங்களைக் காக்கும் பொறுப்பை மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை 2000-ஆம் ஆண்டில் ஜெய்ப்பூரில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றது. ஆக, இவ்வாயில்கள் வீண் தொல்லைகள் அல்ல. ஆனால் இவை யாவும், இரண்டு கைகளும் ஓய்வாக உள்ள ஒரு பெரியவரை மனத்திற்கொண்டு அமைந்தவை. இடுப்பில் ஒரு குழந்தை, விரலைப் பிடித்தபடி ஒரு குழந்தை என்று வரும் தாய் இந்த அளவுக்குள் அடங்குவதில்லை.

வாயில் இருந்தால் வரிசை இருக்கும். வரிசைகளைப் பற்றி ஒரு தனிக் கணிதத் துறையே இருக்கிறது. டென்மார்க் நாட்டில் கோபன்ஹேகன் நகரத் தொலைபேசிக் கம்பெனியில் பணியாற்றிய எர்லாங் என்பவர் 1909-ஆம் ஆண்டில் அதற்கு அடிகோலினார். எத்தனை பேர் ஒரே நேரத்தில் தொலைபேசியில் அழைப்பார்கள், அவர்கள் எவ்வளவு காத்திருக்க நேரும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட கேள்வி. அவர் வகுத்த வழியே இன்று விமான நிலையத்துக்கும் பொருந்துகிறது.

ஒரே ஒரு மேசை இருப்பதாகக் கொள்வோம். சராசரியாக நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார். ஆனால் சீராக அன்று, முன்னும் பின்னுமாக வருகிறார். ஒருவரைக் கவனித்து அனுப்ப அலுவலருக்குச் சராசரியாக 48 வினாடி ஆகிறது. அதுவும் ஒருவருக்குக் கூடியும் ஒருவருக்குக் குறைந்தும் அமைகிறது. அதாவது, மேசை நூற்றுக்கு 80 பங்கு நேரம் வேலையில் இருக்கிறது. அப்பொழுது அங்கே சராசரியாக 4 பேர் இருப்பார்கள் என்கிறது கணக்கு. ஒருவருக்கு 48 வினாடிக்குப் பதில் 54 வினாடி ஆனால் என்ன ஆகும்? கூடியது 6 வினாடிதான். ஆனால் மேசையின் முன் சராசரியாக 9 பேர் சேர்ந்துவிடுவார்கள்! காத்திருக்கும் நேரமும் இரு மடங்குக்கு மேல் ஆகிவிடும். நிலையம் நிரம்பி வழியும் வேளையில், ஒரு சிறு தாமதம் பெருந் தாமதமாக வளர்வதன் இரகசியம் இதுவே. இந்த 6 வினாடியை மறவாதீர்கள். பின்னால் இதனிடம் திரும்பி வருவோம்.

இனிக் குழந்தையின் பக்கம் வருவோம். பெரியவர்களுக்கே கூட, செய்வதற்கு ஒன்றுமில்லாத நேரம் நீளமாகத் தோன்றும். எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு இன்னும் நீளமாகத் தோன்றும். டேவிட் மெய்ஸ்டர் என்ற அறிஞர் வரிசைகளின் உளவியலைப் பற்றி 1985-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையில் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார். இவ்விரண்டு துன்பங்களும் ஒருங்கே சேர்ந்து வாட்டுவது குழந்தையைத்தான். கடிகாரம் பார்க்கத் தெரியாத அதற்கு, “இதோ ஆயிற்று” என்ற சொல்லுக்குப் பொருளே இல்லை. மூன்று முறை அதைக் கேட்டபின் அது நம்மை நம்புவதையும் விட்டுவிடுகிறது.

அப்படியானால் செய்யவேண்டுவது யாது? வரிசையைக் குறைப்பது நம் கையில் இல்லை. ஆனால், அடுத்தது என்ன என்பதைக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லலாம்; வெறும் நேரத்தை வேலையுள்ள நேரமாக ஆக்கலாம். நான் கூற வந்ததன் சாரம் இவ்வளவே.

2024-ஆம் ஆண்டில் என் மகளையும் பேரக் குழந்தைகள் இருவரையும் மஸ்கட் நகருக்கு அழைத்துச் சென்றேன். பேரனுக்கு வயது ஆறு; பேத்திக்கு ஒன்றரை. புறப்படும் நேரமோ பின்னிரவு. முதல் நாள் மாலையிலேயே பேரனை அருகில் அமர்த்தி, விரல்களை மடக்கி ஐந்து வாயில்களையும் கதைபோலச் சொன்னேன். ஒவ்வொரு வாயிலையும் கடந்ததும் ஒரு விரலை மடக்குவது அவனுடைய வேலை. ஏறுசீட்டில் உள்ள வாயில் எண்ணைப் பலகைகளில் தேடிக் கண்டுபிடிப்பதும் அவனுடைய வேலையே.

வளைந்து வளைந்து செல்லும் நீண்ட வரிசையில் நின்றபோது, “தாத்தா, இன்னும் எவ்வளவு நேரம்?” என்றான். அதற்கும் கணக்கு இருக்கிறது. ஜான் லிட்டில் என்ற அமெரிக்க அறிஞர் 1961-ஆம் ஆண்டில் ஓர் எளிய விதியை மெய்ப்பித்துக் காட்டினார். நமக்கு முன்னால் நிற்போரின் தொகையை, நிமிடத்துக்கு எத்தனை பேர் கடந்துசெல்கின்றனர் என்ற எண்ணால் வகுத்தால், காத்திருக்கவேண்டிய நேரம் ஏறக்குறைய வந்துவிடும். எங்களுக்கு முன்னால் 60 பேர் இருந்தனர்; நிமிடத்துக்கு 4 பேர் சென்றனர். “கால் மணி நேரம்” என்று என் மகளிடம் சொன்னேன். பேரனிடமோ, “இன்னும் மூன்று வளைவு திரும்பவேண்டும், ஒவ்வொரு வளைவிலும் அதோ அந்தச் சிவப்புப் பெட்டிக்காரர் நம்மை எதிர்கொள்வார், பார்” என்றேன். சிவப்புப் பெட்டிக்காரர் எப்பொழுது வருவார் என்று பார்ப்பதிலேயே அந்தக் கால் மணி கழிந்தது.

ஒவ்வொரு வாயிலுக்கும் உரிய சில குறிப்புகளையும் சொல்கிறேன். வெளிநாட்டுப் பிரயாணத்துக்குக் கைக்குழந்தைக்கும் தனிப் பாஸ்போர்ட் வேண்டும். நம் நாட்டில் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்தாண்டுகளுக்கே செல்லும். ஆதலால் தேதியைப் புறப்படுமுன்னரே பார்த்துவிடுவது அவசியம். இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி இருக்கை இல்லை, மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒரே சீட்டுப் பதிவில் வரும் பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பெற்றோரில் ஒருவரின் அருகிலேனும் இடம் தரவேண்டும் என்று நம் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் 2024-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் விமானக் கம்பெனிகளுக்கு அறிவுறுத்தியது. இடம் பிரிந்து வந்தால் மேசையிலேயே கேட்டுப் பெறுக.

குழந்தை மிகவும் அஞ்சும் இடம் பாதுகாப்புச் சோதனையே. ஏன் என்று எண்ணிப் பாருங்கள். அதன் கையிலுள்ள பொம்மையை வாங்கி இருண்ட குகைக்குள் அனுப்பிவிடுகிறார்கள். தாய் திரையிட்ட தனி இடத்துக்குச் செல்கிறாள்; தாத்தா ஆண்கள் வரிசைக்குப் போகிறார். தனக்கு வேண்டிய யாவும் ஒரே நிமிடத்தில் பிரிந்துபோவதாகக் குழந்தை எண்ணுகிறது. பொம்மை குகைக்குள் ஊர்ந்து மறுபக்கம் வந்து உனக்காகக் காத்திருக்கும் என்று முன்பே சொல்லிவைத்தால் பாதி அச்சம் தீரும். பெரியவர் இருவர் இருந்தால், ஒருவர் முதலில் கடந்து மறுபுறம் நிற்க, குழந்தைகள் நடுவிலும் மற்றவர் கடைசியிலும் வருதல் நலம். தாய் தனியே வந்தால், பிள்ளைகளையும் தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும் என்று காவலரிடம் சொல்லட்டும். நாம் நடந்து கடக்கும் அந்தச் சட்டம் உலோகத்தைக் கண்டறியும் காந்தப் புலத்தால் இயங்குவது. அதில் எக்ஸ் கதிர் இல்லை. பெட்டிகள் செல்லும் குகையில்தான் எக்ஸ் கதிர் உண்டு. ஆகவே பையை மட்டுமே பட்டையில் வைக்கவேண்டும். குழந்தையை ஒருபோதும் அதன்மேல் அமர்த்தலாகாது.

குழந்தைக்கு வேண்டிய பாலுக்கும் உணவுக்கும் அந்த 100 மில்லி லிட்டர் வரம்பிலிருந்து விலக்கு உண்டு. பிரயாணத்துக்குத் தேவையான அளவைக் காவலரிடம் காட்டிக் கொண்டுசெல்லலாம். அதில் ஒரு பகுதியை விமானம் இறங்கும் வேளைக்கென்று வைத்திருங்கள். இறங்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் கூடுகிறது. நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழல் குழந்தைகளுக்குக் குறுகலானது. அது எளிதில் திறவாமையால் செவி வலிக்கிறது. பாலை உறிஞ்சி விழுங்கும்போது அக்குழல் திறந்து வலி தணிகிறது.

கூட்டத்தில் குழந்தை பிரிந்துவிடுவதே எல்லாவற்றினும் பெரிய ஆபத்து. தாயின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதிக் குழந்தையின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள். வழி தவறினால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நின்று, சீருடை அணிந்தவரை அழைக்கவேண்டும் என்று கற்பியுங்கள். நகரும் படிக்கட்டில் குழந்தைத் தள்ளுவண்டியை ஏற்றாமல் மின்தூக்கியை நாடுங்கள். மென்மையான ரப்பர் காலணிகள் அப்படிக்கட்டின் ஓரத்தில் சிக்கிக்கொள்ளக் கூடும்; குழந்தையைக் கையில் பிடித்து, நடுவில் நிறுத்துங்கள்.

ஒலியும் ஒளியும் கூட்டமும் பொறுக்காத குழந்தைகளும் உண்டு. அவர்களுடைய இடர்ப்பாடு பார்வைக்குத் தெரியாது. இத்தகையோர் சூரியகாந்திப் பூ வரைந்த பச்சை நாடா ஒன்றைக் கழுத்தில் அணிந்துகொள்ளும் வழக்கம் 2016-ஆம் ஆண்டில் லண்டன் அருகே காட்விக் விமான நிலையத்தில் தோன்றியது. பெங்களூரு விமான நிலையமும் அதனை ஏற்றிருக்கிறது. அந்நாடாவைக் கண்டால், இவர்களுக்குச் சற்றுக் கூடுதலான நேரமும் பொறுமையும் தேவை என்று அறிந்துகொள்ளுங்கள்.

இனி, நாம் விட்டுவைத்த 6 வினாடிக்கு வருவோம். சோதனைப் பட்டையருகே ஒரு தாய் ஒரு கையால் குழந்தையை அணைத்து, மறு கையால் பையைத் தட்டில் வைக்க முயல்கிறாள். பின்னால் நிற்பவர் பொறுமையிழந்து முணுமுணுத்தால் அவள் கை மேலும் தடுமாறும். வரிசை மேலும் நீளும். அதற்கு மாறாக, அவரே ஒரு தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்து, “அம்மா, பையைத் தூக்கி வைக்கட்டுமா?” என்று கேட்டால் சில வினாடிகள் மிச்சமாகும். ஒவ்வொருவரும் இவ்வாறே நடந்து சராசரியில் 6 வினாடி குறைந்தால் என்ன ஆகும் என்பதை முன்பே கணக்கிட்டோம்: 9 பேர் நின்ற இடத்தில் 4 பேரே நிற்பர். தாய்க்குச் செய்த உதவி, அவளுக்குப் பின்னால் நிற்கும் முன்பின் அறியாத அனைவருக்கும் செய்த உதவியாகிவிடுகிறது.

ஓர் எச்சரிக்கை. உதவி அவள் கண் முன்னாலேயே நடக்கவேண்டும். அயலாருடைய பையை நம்முடையது என்று ஏற்றுக்கொண்டு எந்த வாயிலையும் கடக்கலாகாது. அது பெரும் ஆபத்தில் கொண்டுபோய்விடும். தட்டை எடுத்துத் தரலாம். பெட்டியை உயர்த்தி வைக்கலாம். “முன்னால் செல்லுங்கள், அம்மா” என்று வழிவிடலாம். அழும் குழந்தையைப் பார்த்து முகம் சுளிக்காமல் ஒரு புன்னகை செய்யலாம். இவற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை.

பல மாதங்களாகத் தந்தையைக் காணாத குழந்தை அந்த வரிசையில் நிற்கிறது. மறு கரையில் அவர் காத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் உள்ள ஐந்து வாயில்களையும் அக்குழந்தை அழுதுகொண்டு கடக்குமா, விரல்களை எண்ணிக்கொண்டு கடக்குமா என்பது, அருகில் நிற்கும் உங்களையும் பொறுத்திருக்கிறது.