பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தால் போதுமா?

"சந்திரனுக்குப் போய் என்னத்தைக் கண்டாங்க மகன்? கொஞ்சம் கல்லும் மண்ணும்தானே!" சின்ன வயசில் வாப்பா என்னிடம் இப்படிக் கேட்பார். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இன்று கேட்டால், அந்தக் கல்லும் மண்ணும்தான் பதில் என்பேன்.

1968 முதல் 1972 வரை 24 பேர் சந்திரன்வரை சென்றார்கள். அவர்களில் 12 பேர் அதில் இறங்கி நடந்தார்கள். 1972 டிசம்பரில் அப்பலோ 17 திரும்பிய பின், அரை நூற்றாண்டு காலம் எவரும் அந்தப் பக்கம் போகவில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றுவது சுமார் 400 கிலோமீற்றர் உயரத்தில். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் தூரம், அவ்வளவுதான். சந்திரனோ 384,000 கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிறது.

மீண்டும் ஆட்களை அனுப்பத்தான் வேண்டுமா, இயந்திரம் போதாதா? கேள்வி நியாயமானது. நாசாவின் புதிய ரொக்கெட்டில் ஒரு பயணத்துக்கு 410 கோடி டொலர் செலவாகும் என்று அதன் கணக்காய்வாளரே 2022 இல் மதிப்பிட்டார். இயந்திரங்களும் முன்னேறிவிட்டன. 2024 இல் சீனாவின் சாங்கே 6 சந்திரனின் மறுபக்கத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோ மண் கொண்டுவந்தது.

ஆனால் இதையும் பாருங்கள். செவ்வாயில் 'ஒப்பர்சூனிற்றி' வண்டி 45 கிலோமீற்றர் ஓட 14 ஆண்டுகள் எடுத்தது. அப்பலோ 17 இல் போய்ச் சந்திரனில் இறங்கிய இருவரும் மூன்றே நாளில் சுமார் 35 கிலோமீற்றர் சுற்றினார்கள். அவர்களில் ஒருவரான ஹரிசன் ஷ்மிட் புவிச்சரிதவியலாளர். காலடியில் மண் செம்மஞ்சளாகத் தெரிந்ததும் சட்டென நின்றுவிட்டார். 350 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலை கக்கிய கண்ணாடித் துகள்கள் அவை. 2011 இல் அவற்றுக்குள் நீரின் தடயம் கண்டறியப்பட்டது. சந்திரன் முற்றிலும் வறண்டது என்ற எண்ணம் ஆட்டங்கண்டது. தேடிப் போகாததையும் கண்டு நிற்பது பயின்ற மனிதக் கண்தான்.

ஆபத்தும் சின்னதல்ல. 1972 ஓகஸ்டில் சூரியனில் பெரும் புயல் எழுந்தது. அப்பலோ 16 ஏப்ரலில் திரும்பியிருந்தது, 17 புறப்படவில்லை. இடையில் யாராவது சந்திரனில் நின்றிருந்தால் கடும் கதிர்வீச்சில் சிக்கியிருப்பார்கள். விண்வெளி நிலையத்தில் இருப்போருக்குப் பூமியின் காந்தப்புலம் ஓரளவு காவல். அதைத் தாண்டினால் அந்தக் காவலும் இல்லை. செவ்வாய்க்குப் போய்ச்சேரவே ஆறேழு மாதம் வேண்டும்.

ஆகவே என் முடிவு இதுதான்: சந்திரனுக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் கொடி நட்டுப் படமெடுத்துத் திரும்பவல்ல. ஷ்மிட் போன்றவர்கள் வாரக்கணக்கில் தங்கி வேலை செய்ய. கதிர்வீச்சுக்கு நல்ல தடுப்புக் கிடைக்கும்வரை செவ்வாயை இயந்திரங்களிடமே விட்டுவைப்போம்.